படியளப்பவர்

புதிதாக வீட்டுக்கு வந்த தவளை இரையெடுக்க மறுத்தால் என்ன செய்வது? கோலார் தங்கவயலில் என் தங்கை வீட்டில் சென்ற குளிர்காலம் முழுக்க இந்தப் பேச்சாகத்தான் இருந்தது. அவள் வீடு ராபர்ட்சன்பேட்டையில். கல்லூரியில் படிக்கும் மகன் பெங்களூரிலிருந்து இரண்டு மரத்தவளைகளை வாங்கி வந்திருந்தான். ஆஸ்திரேலியாவைப் பூர்விகமாகக் கொண்ட இனம். ஒயிட்ஸ் மரத்தவளை என்பார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் பச்சை உடம்பு, விரல் நுனிகளில் வட்ட வட்டமான ஒட்டுத் திண்டுகள், வாயோரத்தில் சிரிப்பதுபோல ஒரு வளைவு. கண்ணாடித் தொட்டி, செடி, தண்ணீர்க் கிண்ணம், பூச்சி எல்லாம் தயாராக இருந்தன. தவளைகள் வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். "கூட்டத்த விட்டுட்டு வந்த ஏக்கம்டா அதுங்களுக்கு" என்றாள் தங்கை. "தெருவே வந்து பாத்துட்டுப் போவுது, கண்ணு படாம என்ன பண்ணும்? சுத்திப் போடு" என்றார் அம்மா. பையன் எதுவும் பேசாமல் தொட்டி முன்னால் உட்கார்ந்திருப்பான். ஒருநாள் என்னிடம் மெதுவாகக் கேட்டான்: "எம்மேல கோவமா இருக்குமா மாமா?"

அந்தக் கேள்வியைச் சிறுபிள்ளைப் பேச்சு என்று தள்ள என்னால் முடியவில்லை. நம் வீடுகளில் சாப்பிடாமல் இருப்பதும் ஒரு பேச்சுதான். மனத்தாங்கல் உள்ளவர் தட்டைத் தள்ளி வைப்பார். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. காய்ச்சலில் கிடக்கும் குழந்தை கஞ்சியைத் துப்பினால் பெற்றவள் வயிறு கலங்கும். தங்கவயல் மாதிரியான தொழிற்சங்க ஊரில் அது இன்னும் பெரிய பேச்சு. கைரேகை வைக்க மாட்டோம் என்று 1930இல் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திய ஊர் இது. உண்ணாவிரதப் பந்தல் என்றால் என்னவென்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஓர் உயிர் சோற்றை மறுத்தால் அது யாரிடமோ எதையோ கேட்கிறது என்றுதான் நமக்குப் படுகிறது. பிரியம் அதிகமாக உள்ளவருக்கு, தன்னிடம்தான் கேட்கிறது என்று படுகிறது.

தவளை யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அதன் மூடிய வாயில் நமக்கான சேதி இல்லை. இதை ஒப்புக்கொள்ள மனம் வருவதில்லை. ஆனால் ஒப்புக்கொண்ட பிறகுதான் அதைச் சரியாகப் பார்க்கவே முடிகிறது.

முதலில் குளிர். தங்கவயல் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் இதைச் சின்ன இங்கிலாந்து என்று கொண்டாடியதில் பங்களாக்களுக்கும் கிளப்புக்கும் இருந்த பங்கு இந்தக் காற்றுக்கும் உண்டு. மார்கழி, தை இரவுகளில் வெப்பம் 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். சுரங்கத்துக்குள் நிலைமை நேர்மாறு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். ஷிஃப்ட் முடிந்து கேஜ் என்ற கூண்டில் ஏறி மேலே வந்த மனிதர்கள், வேர்வை காய்வதற்குள் இந்தக் குளிர்காற்றில் நடந்து, லைன் வீடுகள் எனப்பட்ட தொழிலாளர் குடியிருப்புகளுக்குப் போனார்கள். மனித உடம்பு தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. கொதிக்கும் பாறையிலிருந்து பனிக்கு வந்தாலும் உள்ளே ஏறக்குறைய 37 டிகிரிதான். தவளைக்கு அந்த ஏற்பாடு இல்லை. அறையில் என்ன சூடோ அதுவே அதன் ரத்தத்தின் சூடு, அதுவே அதன் குடலின் சூடு.

ஒயிட்ஸ் மரத்தவளைக்குப் பகலில் 25 முதல் 29 டிகிரி வரையிலும், இரவில் 20க்குக் குறையாமலும் வேண்டும். அதற்குக் கீழே போனால் செரிமான நீர்கள் வேலை செய்வது மந்தமாகும். அந்த நிலையில் விழுங்கிய பூச்சி செரிக்காமல் வயிற்றுக்குள்ளேயே கெட்டுப்போகலாம். ஆகவே குளிரில் தவளை வாயை மூடிக்கொள்வது அதன் உடம்பு அதற்குச் செய்யும் நன்மை. அந்த நேரத்தில் நாம் தட்டு நிறையப் பூச்சியோடு போய் நிற்பதில் பயன் ஒன்றும் இல்லை. முதலில் போட வேண்டியது இரை அல்ல, சூடு.

சூடு என்றால் மின்சாரம். தங்கவயலில் மின்சாரத்துக்கு ஒரு கதை உண்டு. காவிரியின் சிவனசமுத்திர அருவியில் எடுத்த மின்சாரம் 1902இல் முதலில் வந்து சேர்ந்த இடம் இந்த ஊர்தான். பெங்களூருக்கு அது கிடைக்க இன்னும் மூன்று ஆண்டுகள் ஆயின. அந்தக் காலத்திலேயே 150 கிலோமீட்டர் அளவுக்குக் கம்பி இழுத்துக் கொண்டுவந்தார்கள். சுரங்கத்தின் எந்திரங்களுக்காக வந்த மின்சாரம் அது. தொழிலாளர் குடிசைகளுக்கு உடனே வெளிச்சம் வந்துவிடவில்லை. இன்று தங்கை வீட்டில், வெளிச்சம் தராமல் சூடு மட்டும் தரும் செராமிக் விளக்கு ஒன்று தொட்டியின் ஒரு மூலையில் தொங்குகிறது. தொட்டி முழுவதையும் ஒரே சூட்டில் வைத்துவிடக் கூடாது. ஒரு பக்கம் கதகதப்பும் மறுபக்கம் குளுமையும் இருந்தால் தவளை தனக்கு வேண்டிய இடத்தைத் தேடி உட்காரும். அந்தத் தேர்வை அதனிடம் விட்டுவிடுவது பராமரிப்பில் பாதி என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் தொட்டியில் ஒன்று எப்போதும் விளக்கின் பக்கம், மற்றது செடியின் நிழலில். அவை அப்படிப் பிரிந்து உட்கார்ந்ததைப் பார்த்து, இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை என்று அம்மா கவலைப்பட்டார்.

அடுத்தது கண். பையன் முதலில் காய்ந்த புழுக்களைச் சின்னக் கிண்ணத்தில் கொட்டி வைத்திருந்தான். கடையில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நாயோ பூனையோ என்றால் முகர்ந்து பார்த்திருக்கும். தவளையின் உலகத்தில் அசையாத பொருள் உணவே அல்ல. 1959இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜெரோம் லெட்வின், ஹம்பர்ட்டோ மட்டுரானா, வாரன் மெக்கல்லோ, வால்ட்டர் பிட்ஸ் ஆகிய நால்வர், தவளையின் கண் அதன் மூளைக்கு என்ன சொல்கிறது என்று ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பார்வை நரம்புகளில் நுண்ணிய மின்முனைகளைப் பொருத்தி அவர்கள் கண்டது இது: தவளையின் கண் எதிரே இருக்கும் காட்சியைப் படம் பிடித்து அனுப்புவதில்லை, சிறியதாக, இருட்டாக, நகர்வதாக எது உண்டு என்பதைக் கண்ணுக்குள்ளேயே பிரித்தெடுத்து அந்தச் செய்தியை மட்டும் அனுப்புகிறது. ஆகவே சுற்றிலும் செத்த பூச்சிகளைக் குவித்து வைத்தாலும், அவை அசையாதவரை தவளை பட்டினி கிடந்தே சாகும். இதைப் படித்த அன்று நான் அந்தக் கிண்ணத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறைந்த கிண்ணம். எதிரில் பட்டினி. இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. கொடுத்தாயிற்று என்று நாம் நினைத்துக்கொள்வதும் கிடைத்தது என்று எதிரில் இருப்பது உணர்வதும் எவ்வளவு தூரத்தில் இருக்க முடியும் என்பதை இதைவிடத் தெளிவாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மூன்றாவது, பயணம். இந்த இனத்தை 1790இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் ஜான் ஒயிட். கைதிகளை ஏற்றிக்கொண்டு நியூ சவுத் வேல்ஸுக்குப் போன முதல் கப்பல் கூட்டத்தின் தலைமை மருத்துவர். அவர் பெயரே தவளைக்கு நின்றுவிட்டது. ஆஸ்திரேலியா தன் நாட்டு விலங்குகளை வியாபாரத்துக்காக உயிரோடு ஏற்றுமதி செய்ய இன்று அனுமதிப்பதில்லை. உலகச் சந்தையில் இருப்பவை பெரும்பாலும் பண்ணைகளில் வளர்ந்தவை. இந்தோனேசியப் பகுதிகளில் காட்டிலிருந்து பிடித்து அனுப்பப்படுபவையும் உண்டு. எங்கள் தொட்டிக்குள் இருப்பவை எங்கே பிறந்தன என்று விற்றவருக்கே தெரியாது. பெட்டி, பை, டப்பா என்று எத்தனை கை மாறினவோ. காட்டிலிருந்து பிடிக்கப்பட்டவை கண்ணாடியைப் புரிந்துகொள்ளாமல் மூக்கைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். குடலில் புழு இருக்கும். இரையெடுக்க அதிக நாள் ஆகும். பண்ணையில் பிறந்ததுகூட இடம் மாறினால் ஒரு வாரம், சிலசமயம் அதற்கு மேலும் சாப்பிடாமல் இருக்கும். வளர்ந்த தவளை அதைத் தாங்கும். குட்டித் தவளை தாங்காது. இந்த வித்தியாசத்தை விற்கிறவர்கள் வாங்குகிறவர்களிடம் சொல்லியே ஆக வேண்டும்.

வந்த புதிதில் தவளைக்கு ஆகாதவை எல்லாம் நமக்கு ஆசையாக இருப்பவை. கையில் எடுத்துப் பார்க்க ஆசை, விளக்கைப் போட்டுப் பார்க்க ஆசை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்ட ஆசை. தவளைக்கு வேண்டியது இருட்டு, ஈரம், ஒளிய ஓர் இடம், யாரும் வராத இரவு. தங்கை தொட்டியின் மூன்று பக்கமும் பழைய புடவையைச் சுற்றினாள். பிள்ளைகளின் வருகை நின்றது. பூச்சியை மாலை மங்கிய பிறகு விட்டு, விடிந்ததும் மிச்சத்தை எடுத்துவிட ஏற்பாடு. எடுக்காமல் விட்டால் பசித்த சுவர்க்கோழி தூங்கும் தவளையின் தோலைக் கடித்துவிடும்.

தவளை மெலிகிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். பாசத்தோடு பார்க்கிற கண்ணுக்கு அது தினமும் மெலிந்துகொண்டே இருக்கும். எடை போட வேண்டும். நகைக்கடைகளில் இருப்பதுபோல, கிராமில் பத்தில் ஒரு பங்குவரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்றைப் பையன் வாங்கினான். அதன் மேல் காலி டப்பாவை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, ஈரக்கையால் தவளையைத் தூக்கி உள்ளே விடுவான். கை ஈரமாக இல்லாவிட்டால் நம் தோலின் உப்பு அதன் தோலில் ஏறிவிடும். தவளை டப்பாவின் அடியில் அப்பிக்கொண்டு தொண்டைச் சவ்வைப் படபடவென்று அடித்துக்கொள்ளும். எண் நிலைத்து நிற்காது, மேலும் கீழும் துடிக்கும். எது சரியான எண் என்று தெரியாமல் பையன் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்திருப்பான். பிறகு இரண்டு இமைமுகடுகளுக்குப் பின்னால் செவிக்கு மேலே இருக்கும் சதைத் திரட்சியைப் பார்ப்பான். கொழுப்பு சேர்ந்த தவளைக்கு அது மடிந்து தொங்கும்; வற்றிய தவளைக்கு அது தட்டையாகிவிடும். இடுப்பெலும்பு புடைத்துத் தெரிகிறதா என்று பார்ப்பான். எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுவான். இந்த ஊர் மண்ணிலிருந்து 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுத்திருக்கிறார்கள். சுரங்கத்திலிருந்து வெளியே வரும் ஒவ்வொருவரையும் தடவிச் சோதித்து அனுப்பிய ஊர். தவளையை நிறுக்கும் தராசை நான் பார்த்த பார்வையில் அந்த நினைவு கலந்துதான் இருந்தது.

நம்மூர்த் தேரையை யாரும் நிறுப்பதில்லை. மழைக்காலம் வந்தால் லைன் வீடுகளின் குளியலறைச் சுவரில், தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில், கதவிடுக்கில் பழுப்பு நிறத்தில் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதுவும் மரத்தவளைதான், பாலிப்பெடேட்டஸ் மாகுலேட்டஸ் என்பது அதன் அறிவியல் பெயர். வறண்ட காலத்தைத் தாக்குப்பிடிக்க அது ஒரு காரியம் செய்கிறது. தோலில் சுரக்கும் மெழுகு போன்ற பசையைக் கைகால்களால் உடம்பெங்கும் வழித்துத் தடவிக்கொள்கிறது. ஈரம் ஆவியாவது அதனால் குறைகிறது. பிறகு கால்களை உடம்போடு ஒடுக்கி, கண்ணை மூடி, அசையாமல் நாள்கணக்கில் சுவரோடு சுவராக இருந்துவிடும். சாப்பிட்டதா என்று அதை நாம் கேட்டதே இல்லை. பெண்கள் கொஞ்சம் பயப்படுவார்கள். சில வீடுகளில் துடைப்பத்தால் தள்ளுவார்கள். குழந்தை ஒன்று காரணம் தெரியாமல் வற்றி, விலா தெரிந்து, சோறு செல்லாமல் கிடந்தால் தேரை விழுந்துவிட்டது என்பார்கள். பாவம், எந்தக் குற்றமும் செய்யாத உயிர். வறுமையும் வயிற்றுப்போக்கும் செய்ததை அதன் தலையில் போட்டுவிட்டோம்.

அதே தேரையை வைத்துத்தான் நம் பெரியவர்கள் தைரியமும் சொன்னார்கள். கல்லுக்குள் இருக்கும் தேரைக்கே படியளக்கிறவன் நமக்கு அளக்காமலா போய்விடுவான் என்று. சம்பளம் வராத மாதங்களில் இந்த ஊரில் இந்தப் பேச்சை நிறையக் கேட்டிருக்கிறேன். கல்லைப் பிளந்தே பிழைத்தவர்கள் சொன்னது என்பதால் அதற்கு ஒரு கனம் இருந்தது.

கல்லுக்குள் தேரை உயிரோடு இருக்குமா என்று ஒருவர் சோதித்தே பார்த்திருக்கிறார். ஆக்ஸ்ஃபோர்டில் நிலவியல் கற்பித்த வில்லியம் பக்லண்ட், 1825 நவம்பரில் 24 தேரைகளைக் கற்பாளங்களில் குடைந்த குழிகளில் வைத்து, மேலே கண்ணாடி மூடி அடைத்து, தோட்டத்தில் மூன்றடி ஆழத்தில் புதைத்தார். பாதி, காற்றும் ஈரமும் புகக்கூடிய சுண்ணாம்புக் கல்லில். பாதி, இறுக்கமான மணற்கல்லில். அடுத்த ஆண்டு டிசம்பரில் தோண்டிப் பார்த்தபோது மணற்கல்லில் இருந்தவை எல்லாம் செத்திருந்தன. சுண்ணாம்புக் கல்லில் இருந்தவற்றில் பெரியவை பலவும் உயிரோடு இருந்தன. அவற்றை அவர் மறுபடி புதைத்தார். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் அவையும் செத்தன. சோதனை முடிந்தது, விடை கிடைத்தது. ஓராண்டு பிழைத்துக் கிடந்ததை வெளியே எடுத்து, பார்த்து, மறுபடி மூடியதை மட்டும் என்னால் சாதாரணமாகப் படிக்க முடிவதில்லை. கல்லின் ஆழத்தில் உயிர் இருக்கிறது என்பது உண்மைதான்: தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில், 1.3 கிலோமீட்டர் ஆழத்துப் பாறைநீரில் வாழும் நூற்புழுவைக் கண்டுபிடித்து 2011இல் அறிவித்தார்கள். ஆனால் அது அங்கேயே பிறந்து அங்கேயே இரை காணும் உயிர். பக்லண்டின் தேரைகள் போடப்பட்டவை.

எனக்கு இந்த விஷயத்தில் சொல்லத் தோன்றுவது ஒன்றுதான். மூடி போட்டவர் யாரோ அவரே படியளக்க வேண்டும். குளியலறைத் தேரைக்கு வாசல் திறந்திருக்கிறது; பசித்தால் வெளியே போகும், ஈசல் பறக்கும் இரவில் தெருவிளக்கடியில் போய் உட்கார்ந்து வயிறு புடைக்கத் தின்னும். அதன் பசிக்கு நாம் பொறுப்பில்லை. கண்ணாடிக்குள் இருப்பதற்கு நாம்தான் மழை, நாம்தான் வெயில், நாம்தான் ஈசல். கோபமா ஏக்கமா என்று அதன் மனதைத் துழாவுவது வேறு; அதற்கு மழையும் வெயிலுமாக இருப்பது வேறு. முன்னது நம் ஆறுதலுக்கு. பின்னது அதன் உயிருக்கு.

இந்த ஊரில் இருந்துகொண்டு இதை நினைத்தால் கம்பெனி நினைவுக்கு வராமல் இருக்காது. மனிதர்களைத் தவளைகளோடு வைத்துப் பேசவில்லை, மூடி போடுகிறவர்களைப் பற்றித்தான் சொல்கிறேன். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கே வந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கமிருந்தும் ஆள் வந்தார்கள். பெரும்பாலும் நிலமில்லாத தலித் குடும்பங்கள். வரிசை வரிசையாகத் தட்டிக் குடிசைகள், குடும்பத்துக்கு ஓர் அறை. வேலையும் வீடும் தண்ணீரும் வைத்தியமும் கம்பெனி கொடுப்பது. எதற்கும் அதன் கையைப் பார்த்திருக்க வேண்டிய வாழ்க்கை. 1956இல் மைசூர் அரசு எடுத்துக்கொண்டது. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆனது. 2001 பிப்ரவரி 28 அன்று மூடியாயிற்று. மூன்று நான்கு தலைமுறை இந்தப் பாறையை நம்பி இருந்த ஜனங்களுக்கு ஒரே நாளில் படியளப்பு நின்றது. அதற்குப் பிறகு விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் ரயில்தான் பலருக்குச் சோறு. மூன்று கோடி டன்னுக்கு மேல் கழிவுமண் சயனைடு மலைகளாக நிற்கிறது; மாசி, பங்குனிக் காற்றில் அந்தத் தூசு வீட்டுக்குள் வந்து படியும். தோலால் தண்ணீர் குடிக்கிற, தோலாலும் மூச்சு விடுகிற ஓர் உயிரை இந்தக் காற்றில் வளர்க்கும்போது தொட்டியின் மேல்வலைக்கு ஈரத்துணி போட வேண்டும் என்று தங்கைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

தண்ணீர் பற்றியும் சொல்ல வேண்டும். தவளை வாயால் குடிப்பதில்லை. கிண்ணத்தில் உட்கார்ந்து தொடைப் பக்கத்துத் தோலால் உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே கிண்ணத்துத் தண்ணீரில் இருப்பது அத்தனையும் அதன் உடம்புக்குள் போகிறது. குழாய்த் தண்ணீரில் குளோரின்; கோலார் மாவட்டத்து ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு. பேத்தமங்கலத்து ஏரித் தண்ணீர் குடித்து வளர்ந்த என் தலைமுறைக்கு இப்போது லாரித் தண்ணீர். எது எங்கிருந்து வந்தது என்றே தெரியாத தண்ணீரில் ஒரு தவளை சோர்ந்து கிடந்தால் அதற்குப் பசி எப்படி எடுக்கும்? மழைநீரைப் பிடித்து வைத்து அதையே ஊற்றினோம்.

நாள்கள் பல கழிந்தும் அவை சாப்பிடாதபோது, அம்மா பொறுமை இழந்தார். "வாயைத் தொறந்து உள்ள தள்ளிடுங்கடா, உசுரு போயிடப் போவுது." எங்கள் வீட்டில் பாலாடையும் சங்கும் பரம்பரைச் சொத்து. குழந்தையை மடியில் மல்லாத்தி, மூக்கைப் பிடித்து, மருந்தையும் பாலையும் புகட்டி வளர்த்த கை அது. அந்தக் கையின் பதற்றத்தில் இருக்கும் அன்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் தவளையின் தாடை எலும்பு தீக்குச்சியைவிட மெல்லியது. வாயைப் பிளந்து இரையைத் திணிப்பது மருத்துவர் கையால், வேறு வழியே இல்லாத கட்டத்தில் செய்வது. அந்தக் கட்டம் எது என்று பார்க்கத்தான் தராசு. எடை தொடர்ந்து இறங்கினால், தவளை பகலிலும் தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு வராமல் கிடந்தால், தோல் திட்டுத் திட்டாக உரிந்தால், தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். மலத்தைச் சோதித்துப் புழு இருக்கிறதா பார்க்க வேண்டும். நாக்கையும் பார்ப்பார்கள். ஏ வைட்டமின் குறைந்த தவளைக்கு நாக்கின் பசை வற்றிவிடும். அது இரையைக் குறிபார்த்து நாக்கை வீசும், பூச்சி ஒட்டாது, மறுபடி வீசும். தின்ன ஆசைப்பட்டும் தின்ன முடியாத அந்த நிலையையும், வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சாப்பிட மறுக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

அம்மாவுக்கு நான் சொன்னது தேரையர் கதை. அவருக்கு ஏற்கெனவே தெரிந்த கதைதான். மன்னன் ஒருவனின் தீராத தலைவலிக்காக அகத்தியர் கபாலத்தைத் திறந்தார். உள்ளே மூளையைப் பற்றிக்கொண்டு ஒரு தேரை. குறட்டால் இழுத்தால் மூளை கிழியும். பக்கத்தில் நின்ற சீடன் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்து அதன் கண்ணில் படும்படி அசைத்துக் காட்டினான். தேரை தானாகத் துள்ளித் தண்ணீரில் விழுந்தது. அந்தச் சீடனுக்குத் தேரையர் என்ற பெயரே அதனால் வந்தது என்பார்கள். "அவரு தண்ணியக் காட்டுனாரு. நாம எதக் காட்டுறது?" என்று கேட்டார் அம்மா. சரியான கேள்வி. மூன்று வாரம் நாங்கள் சுற்றிச் சுற்றி யோசித்ததன் சாரம் அந்தக் கேள்விதான்.

காட்டியது பையன். பெரிய சுவர்க்கோழிகளை நிறுத்திவிட்டு, தவளையின் இரு கண்களுக்கு நடுவே உள்ள அகலத்தைத் தாண்டாத சின்னக் கரப்பான்களை, இரைக்கென வளர்க்கும் டூபியா இனத்தவற்றை, வாங்கினான். அறை விளக்கை அணைத்து, நடைவிளக்கின் மங்கல் மட்டும் விழும்படி கதவைச் சாத்தினான். நீளமான மழுங்கல் முனை இடுக்கியில் கரப்பானின் பின்காலை மெல்லப் பிடித்து, தவளைக்கு ஒரு முழம் தள்ளி, கிளைமேல் நடக்கவிட்டான். முகத்தருகே கொண்டுபோகவே இல்லை. கரப்பான் நாலு அடி நடந்தது, நின்றது, நடந்தது. விளக்குப் பக்கத்துத் தவளையின் உடம்பில் எந்த அசைவும் இல்லை. கண்மணி மட்டும் படுக்கைக் கோடாக இருந்தது மெல்ல அகன்றது. பின்னங்காலின் ஒரு விரல் துடித்தது. பிறகு தலையைச் சற்றே தாழ்த்தியது. பாய்ந்ததை நான் பார்க்கவில்லை. இடுக்கி ஆடியதைத்தான் பார்த்தேன். அதன் பிறகு நடந்தது நிதானமாக இருந்தது. இரண்டு கைகளாலும் கரப்பானின் காலை வாய்க்குள் தள்ளிக்கொண்டது. கண்களை இறுக மூடிற்று. விழிக்கோளங்கள் மண்டைக்குள் அமிழ்ந்து இரையைத் தொண்டைக்குள் தள்ளுகின்றன. தவளை விழுங்குவது கண்களாலும்தான். மூடித் திறந்து, மூடித் திறந்து, பிறகு பழையபடி உட்கார்ந்தது. பையன் சத்தம் போடவில்லை. இரண்டாவதைக் காட்டவும் இல்லை. நான் சொல்லாமலே அவனுக்கு அது தெரிந்திருந்தது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. நிழற்பக்கத்துத் தவளை இன்னும் பல நாள் கழித்துத்தான் வாய் திறந்தது.

சாப்பிட ஆரம்பித்ததோடு வேலை முடிந்துவிடாது. பூச்சிக்குச் சுண்ணாம்புச் சத்துப் பொடி தூவ வேண்டும். பூச்சிக்கே முதலில் காரட்டும் கீரையும் போட்டு வளர்க்க வேண்டும். தொட்டியைக் கழுவிய தண்ணீரை முற்றத்தில் ஊற்றக் கூடாது. தவளைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் என்ற பூஞ்சை, உலகெங்கும் 501 நீர்நில வாழ் இனங்களைக் குறைத்திருக்கிறது, அவற்றில் 90 இனங்களை அழித்தே விட்டிருக்கக்கூடும் என்று 2019இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அது நாடு விட்டு நாடு போனதில் தவளை வியாபாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. விலைகொடுத்து வாங்கிய இரண்டுக்காகக் குளியலறைத் தேரைகளைப் பலிகொடுத்துவிடக் கூடாது. ஆகவே அந்தத் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கலந்து, நேரம் விட்டு, கழிப்பறையில்தான் ஊற்றுகிறோம்.

இந்த இனம் நல்ல பராமரிப்பில் 15 ஆண்டுகளைத் தாண்டியும் வாழும். இதை வாங்கும்போது பையனுக்கு யாரும் சொல்லவில்லை. அவனுக்கு அடுத்த ஆண்டு படிப்பு முடிகிறது. வேலை கிடைத்தால் அவனும் விடியற்காலை ரயில்தான். போகவர நேரம் போதாமல் போனால் அங்கேயே அறை எடுத்துத் தங்குவான். "நீ போயிட்டா இதுங்கள யாரு பாக்குறது?" என்று தங்கை கேட்டபோது அவனிடம் பதில் இல்லை. அவள் பதிலுக்காகக் காத்திருக்கவும் இல்லை. முட்டை அட்டைகளை அடுக்கி, பின்கட்டில் கரப்பான் வளர்க்க ஒரு டிரம்மை ஒழித்துக் கொடுத்திருக்கிறாள். இடுக்கி பிடிக்கப் பழகிவிட்டாள். வெப்பமானியைக் காலையும் மாலையும் பார்த்து நோட்டில் எழுதுவது அம்மாவின் வேலை. சித்திரையில் இங்கே 35ஐத் தாண்டும், 32க்கு மேல் போனாலே தவளைக்கு ஆபத்து என்பதால், தொட்டியை வடக்குப் பார்த்த அறைக்கு மாற்ற வேண்டும் என்று போன வாரம் அவர்தான் ஞாபகப்படுத்தினார்.